பூட்டு எங்கே, திறப்பு எங்கே: ஊடாட்டப் பாடங்களில் கற்பவரின் நகர்வை அமைக்கும் முறை

பவர்பாயிண்டில் படவில்லை செய்யத் தெரிந்தவர்களுக்கு இன்று வன்னியில் குறைவில்லை. வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியின் ஆசிரிய மாணவர்கள் செய்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயமும் பொறியியலும் தொழில்நுட்பமும் படிப்பவர்கள் செய்கிறார்கள். முல்லைத்தீவின் உட்கிராமங்களில் சுகாதாரத் தொண்டர்களாக இருப்பவர்கள் கைப்பேசியிலேயே பாடம் செய்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். எழுத்து, படம், குரல் எல்லாமே அவற்றில் இருக்கும். ஆனால் பாடத்தைத் திறக்கும் ஒருவர் எந்த வழியாகப் போவார், எங்கே நிற்பார், எதைத் தாண்டிவிடுவார் என்று யோசித்து அமைத்த பாடங்கள் மிகக் குறைவு.

யோசிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். விரல் ‘அடுத்தது’ பொத்தானிலேயே இருக்கும். இருபது படவில்லைகளும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இதைக் கண்டு சினந்த ஆசிரியர் அடுத்த பாடத்தில் எல்லாவற்றையும் பூட்டிவிடுவார். குரல் முடியும்வரை பொத்தான் வராது, பின்னால் போக முடியாது, நூற்றுக்கு நூறு எடுக்காமல் வெளியே வர முடியாது. அந்தப் பாடத்தை யாரும் இரண்டாம் முறை திறப்பதில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்காகவே இந்த வழிகாட்டி. ஒரே உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறேன்: நெற்செய்கைக் குடும்பங்களுக்கான பாம்புக்கடி முதலுதவிப் பாடம். முத்தையன்கட்டு, நெடுங்கேணி, துணுக்காய் போன்ற பகுதிகளில் வரம்பிலும் வளவிலும் நடப்பவர்கள் எல்லோருக்கும் தேவையான பாடம் இது. எங்கே பூட்ட வேண்டும், எங்கே பூட்டவே கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கணினியைத் திறக்கும் முன்: ஒரு தாள், ஒரு பென்சில்

முதல் வேலை வரைபடம். ஒவ்வொரு படவில்லைக்கும் ஒரு பெட்டி வரையுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியெல்லாம் அம்புக்குறி. எங்கள் பாடத்தில் தொடக்கம், மெனு, அதன் கீழ் மூன்று பகுதிகள் இருக்கின்றன. முதலாவது, நம்மைச் சுற்றியுள்ள பாம்புகள்: நாகம், புடையன், விரியன். இரண்டாவது, கடித்தவுடன் செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும். மூன்றாவது, ஒரு சூழ்நிலைப் பயிற்சி.

பெட்டிகளை வரைந்ததும் ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதைப் பார்க்காமல் ஒருவர் தாண்டிப் போனால் என்ன கெடும்?

பாம்பு வகைகளைத் தாண்டினால் பெரிதாக ஒன்றும் கெடாது. கடித்தது எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் முதலுதவியும் ஆஸ்பத்திரிக்குப் போவதும் மாறப்போவதில்லை. ஆகவே அந்தப் பகுதி திறந்தே இருக்கட்டும். விரும்பியவர் விரும்பிய பாம்பைத் தொட்டுப் பார்க்கட்டும். இரண்டாம் பகுதி அப்படிப்பட்டதல்ல. கடித்த இடத்தைக் கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது, பாம்பைத் தேடிப் பிடிக்கப் போய் நேரத்தைக் கழிக்கக்கூடாது என்ற நான்கையும் ஒருவர் தாண்டிவிட்டால், நாளைக்கு ஒரு கால் போகலாம், ஓர் உயிர் போகலாம். அங்கே பூட்டு வேண்டும்.

குளத்துத் துருசை எந்த வாய்க்காலுக்கு எப்போது திறப்பது என்று போகத் தொடக்கத்திலேயே கூடிப் பேசி முடிவெடுப்பது போல, இந்த முடிவையும் தாளிலேயே எடுத்துவிடுங்கள். பெட்டிகளில் மூன்று விதக் குறி போதும். வெறுமனே திறந்திருப்பவை, பார்த்த பின் திறப்பவை, ஏதாவது செய்து காட்டிய பின் திறப்பவை. மூன்றாவது வகைக் குறி பாடத்தின் பாதிக்கு மேல் விழுந்திருந்தால் தாளைக் கிழித்துவிட்டுத் திரும்ப வரையுங்கள். எல்லாமே முக்கியம் என்று சொல்லும் பாடத்தில் எது முக்கியம் என்பது கற்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

பூட்டக்கூடாத ஒரு பக்கம்

மற்ற எல்லாப் படிகளையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். முதலுதவி, மிதிவெடி அபாயம், மின்சாரம், பூச்சிமருந்து என்று ஆபத்தோடு தொடர்புள்ள எந்தப் பாடமாக இருந்தாலும், அதைத் திறக்கும் எல்லோரும் கற்பதற்காகவே திறப்பதில்லை. வீட்டில் ஒருவரை உண்மையாகவே பாம்பு கடித்திருக்கும்போது, ‘அந்த வட்ஸ்அப்பில் வந்ததே’ என்று நினைவு வந்து ஒரு பிள்ளை அதைத் திறக்கக்கூடும். அந்தப் பிள்ளையை ‘முதலில் முன்னுரையைக் கேளுங்கள், பிறகு அடுத்த பொத்தான் வரும்’ என்று நிறுத்தி வைப்பது கொடுமை.

ஆகவே எல்லாப் படவில்லைகளிலும், பூட்டிய படவில்லைகளிலும்கூட, ஒரே மூலையில் ஒரே நிறத்தில் ஒரு பொத்தான் இருக்க வேண்டும்: ‘இப்போது கடித்திருக்கிறதா?’ அதைத் தொட்டால் நேராக அவசரப் பக்கம். அங்கே நான்கைந்து வரிகள் மட்டும். இலவச அம்புலன்ஸ் சேவையான சுவசெரியவின் 1990 என்ற எண் பெரிய எழுத்தில். கடிபட்டவரை அமைதிப்படுத்துங்கள், நடக்கவிடாதீர்கள். மோதிரம், வளையல், கால்சங்கிலியைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வையுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு. வேறொன்றும் வேண்டாம், அனிமேஷனும் வேண்டாம், குரலும் வேண்டாம்.

மருத்துவ வரிகளை நீங்களாக எழுதி முடித்துவிடாதீர்கள். உங்கள் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகு போடுங்கள்.

வழிகள் இரண்டு என்பது பழைய கதை

இன்று எந்த மென்பொருளைத் திறந்தாலும் நகர்வை அமைக்க இரண்டு அடிப்படை வடிவங்கள்தான் இருக்கும். இரண்டுமே கணினிக்கு முன்பே வந்துவிட்டவை. 1950களில் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் கற்பித்தல் இயந்திரங்களை முன்வைத்தபோது, பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாக நறுக்கி, எல்லோரையும் ஒரே நேர்க்கோட்டில் நடத்தினார். ஏறத்தாழ அதே காலத்தில் நோர்மன் கிரவுடர் வேறு வழியில் போனார். அமெரிக்க விமானப்படைத் தொழில்நுட்பவியலாளர்களின் பயிற்சியோடு தொடர்புடையவர் அவர். பிழையான விடையைத் தெரிவு செய்தவரை அந்தப் பிழைக்கே உரிய விளக்கத்துக்கு அனுப்பி, அங்கிருந்து திருப்பிக் கொண்டுவந்தார். ஒன்று நேர்வழி, மற்றது கிளைவழி.

எங்கள் பாடத்தின் இரண்டாம் பகுதி நேர்வழி. மூன்றாம் பகுதி கிளைவழி. ஒரு பாடத்தில் இரண்டையும் சேர்ப்பதில் தவறில்லை.

பவர்பாயிண்டில் செய்வது

காசு கொடுத்து மென்பொருள் வாங்கும் முன் கையில் இருப்பதில் தொடங்குங்கள். பவர்பாயிண்டில் பலர் முதலில் செய்வது, ‘டிரான்சிஷன்ஸ்’ தாவலில் ‘ஆன் மவுஸ் கிளிக்’ என்பதன் குறியை எடுத்துவிடுவது. சுட்டியைச் சொடுக்கினால் படவில்லை நகராது. பூட்டிவிட்டோம் என்று நினைப்பார்கள். விசைப்பலகையின் அம்பு விசையையோ இடைவெளி விசையையோ அழுத்தினால் படவில்லை நகர்ந்துவிடும். எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் அந்த எண் படவில்லைக்கே தாவலாம்.

சரியான இடம் ‘ஸ்லைட் ஷோ’ தாவலில் உள்ள ‘செட் அப் ஸ்லைட் ஷோ’. அதில் ‘பிரவுஸ்ட் அட் எ கியோஸ்க்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். இந்த முறையில் வெறும் சொடுக்கும் அம்பு விசைகளும் படவில்லையை நகர்த்தாது. நீங்கள் வைத்த பொத்தான்களும் இணைப்புகளும் மட்டுமே வேலை செய்யும். எஸ்கேப் விசை மட்டும் வெளியேற விடும். வெளியேறும் வழி யாருக்கும் இருக்க வேண்டும் என்பதால் அது நல்லதே.

கியோஸ்க் முறைக்கு மாறியதும் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ‘சொடுக்கினால் தோன்றும்’ என்று முன்பு வைத்த அனிமேஷன்கள் இனித் தோன்றாது. அவற்றை ‘முந்தியது முடிந்ததும்’ என்று மாற்றுங்கள், அல்லது ஒரு பொருளைத் தொட்டால் இயங்கும்படி டிரிகர் வையுங்கள். இரண்டு, பொத்தான் இல்லாத படவில்லை முட்டுச்சந்து ஆகிவிடும். ஒவ்வொரு படவில்லையிலும் வெளியே போகும் அம்புக்குறி ஒன்றாவது இருக்கிறதா என்று தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பொத்தான் வைக்க ஒரு வடிவத்தை வரைந்து, ‘இன்சர்ட்’ தாவலில் ‘ஆக்‌ஷன்’ போய், ‘ஹைப்பர்லிங்க் டு’ என்பதில் போக வேண்டிய படவில்லையைத் தெரிவு செய்யுங்கள். ‘அடுத்த படவில்லை’ என்று பொதுவாக வைப்பதைவிடக் குறிப்பிட்ட படவில்லையின் பெயரைத் தெரிவது பாதுகாப்பானது. இடையில் ஒன்றைச் செருகினாலும் கிளைவழி குழம்பாது.

அவசரப் பொத்தானை ‘வியூ’ தாவலின் ‘ஸ்லைட் மாஸ்டர்’ உள்ளே வையுங்கள். ஒரு தடவை வைத்தால் எல்லாப் படவில்லைகளிலும் வரும். ஆனால் மாஸ்டரில் உள்ளவை படவில்லையின் பொருள்களுக்கு அடியில்தான் இருக்கும். திரை முழுவதும் ஒரு படத்தைப் போட்டால் பொத்தான் மறைந்துவிடும். அந்த மூலையை எப்போதும் வெறுமையாக விடுங்கள். அவசரப் பக்கத்திலிருந்து திரும்பும் பொத்தானுக்கு ‘லாஸ்ட் ஸ்லைட் வியூட்’ என்பதைத் தெரியுங்கள். எங்கிருந்து வந்தாரோ அங்கேயே திரும்புவார். மெனுவில் கொண்டுபோய் விட்டு மறுபடி தேட வைக்காது.

இப்போது உண்மையான பூட்டு. ‘செய்யக்கூடாதவை’ படவில்லையில் நான்கு படங்கள். நான்கையும் தொட்டுப் பார்த்த பிறகே ‘அடுத்தது’ வர வேண்டும். எது தொடப்பட்டது என்பதைச் சாதாரணப் பவர்பாயிண்ட் நினைவில் வைத்துக்கொள்ளாது. ஆகவே சங்கிலியாகக் கட்டுங்கள். தொடக்கத்தில் முதல் படம் மட்டும் தெரியும். அதைத் தொட்டால் அதன் விளக்கமும் இரண்டாவது படமும் தோன்றும். இரண்டாவதைத் தொட்டால் மூன்றாவது. நான்காவதைத் தொட்டால் அதன் விளக்கமும் ‘அடுத்தது’ பொத்தானும். ஒவ்வொன்றுக்கும் ‘அனிமேஷன்ஸ்’ தாவலில் ‘அப்பியர்’ கொடுத்து, ‘டிரிகர்’ என்பதில் முந்திய படத்தைத் தெரிய வேண்டும். படங்களுக்கு முதலிலேயே ‘கீறல்’, ‘உறிஞ்சல்’, ‘கட்டு’, ‘தேடல்’ என்று பெயர் வைத்துவிட்டால் பட்டியலில் தேடித் தடுமாற வேண்டியதில்லை.

மூன்றாம் பகுதி, இரண்டாம் பகுதியை முடித்தவருக்கே திறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மெனுவைப் பிரதி எடுங்கள். முதல் மெனுவில் மூன்றாம் பகுதி மங்கலாக, இணைப்பு இல்லாமல் இருக்கும். இரண்டாம் மெனுவில் அது பளிச்சென்று, இணைப்போடு இருக்கும். இரண்டாம் பகுதியின் கடைசிப் பொத்தான் இரண்டாம் மெனுவுக்கே போகட்டும். அதன் பின் வரும் ‘மெனு’ பொத்தான்களும் இரண்டாம் மெனுவையே காட்ட வேண்டும். இதில் ஒன்றை மறந்தாலும் திறந்த கதவு மறுபடி மூடிவிடும். வரிசையாகத் திறக்கும் மூன்று பகுதிகளுக்கு நான்கு மெனுக்கள் போதும். எந்த ஒழுங்கிலும் முடிக்கலாம், முடித்ததற்கெல்லாம் குறி விழ வேண்டும் என்றால் எட்டு மெனுக்கள் தேவைப்படும். நான்கு பகுதிகளுக்குப் பதினாறு. அந்த அளவுக்குப் போகும்போது பவர்பாயிண்டை விட்டுவிட்டு வேறு கருவிக்கு மாறுங்கள்.

மேக்ரோ (கோப்புக்குள் எழுதி வைக்கும் சிறு நிரல்) எழுதி எல்லாவற்றையும் நினைவில் வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கைப்பேசியில் மேக்ரோ ஓடாது. நம்முடைய கற்பவர்களில் பெரும்பாலானோரின் கையில் இருப்பது கைப்பேசி. எனவே அந்தப் பேச்சை அத்தோடு விடலாம்.

அதே காரணத்தால் கியோஸ்க் முறையையும் கைப்பேசியில் நம்ப வேண்டாம். வட்ஸ்அப்பில் வரும் கோப்பை ஒவ்வொருவரும் ஒவ்வொரு செயலியில் திறப்பார்கள். விரலால் தள்ளினாலே படவில்லை போய்விடும். பவர்பாயிண்ட் பூட்டு கணினி அறைக்கு, பாடசாலைக்கு, மடிக்கணினியோடு போய் நடத்தும் கிராமக் கூட்டத்துக்கு ஏற்றது. வீட்டுக்கு வீடு அனுப்பும் பாடத்துக்கு அடுத்த வழி.

எச்5பி, லூமி: கைப்பேசிக்கு அனுப்ப

எச்5பி ஊடாட்டப் பாடங்களைச் செய்ய உதவும் திறந்த மூலக் கருவி, இலவசம். லூமி என்ற இலவசக் கணினிச் செயலியை நிறுவினால் எச்5பி பாடங்களை இணையம் இல்லாமலே செய்து, ஒரே எச்டிஎம்எல் கோப்பாகச் சேமிக்கலாம். அந்தக் கோப்பு உலாவியில் திறக்கும், டேட்டா செலவில்லை. அலைவரிசை வந்து வந்து போகும் ஊர்களுக்கு இது பெரிய உதவி. படங்களை மட்டும் சுருக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் கோப்பு பெருத்துவிடும்.

எச்5பியில் படவில்லைப் பாடத்துக்கு ‘கோர்ஸ் பிரசன்டேஷன்’. அதன் அமைப்புகளில் ‘ஆக்டிவ் சர்ஃபேஸ் மோட்’ என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் கீழேயுள்ள நகர்வுப் பட்டை மறைந்துவிடும். நீங்கள் வைத்த ‘கோ டு’ பகுதிகளைத் தொட்டே நகர முடியும். ‘கோ டு’ குறிப்பிட்ட எண் படவில்லைக்கோ, அடுத்ததற்கோ, முந்தியதற்கோ போகும். எண்ணைக் கொடுத்திருந்தால், இடையில் படவில்லையைச் செருகிய ஒவ்வொரு முறையும் எல்லா எண்களையும் சரிபாருங்கள்.

‘சரியான விடை சொன்னால்தான் அடுத்தது’ என்ற பூட்டு கோர்ஸ் பிரசன்டேஷனில் தயாராக இல்லை. ‘கோ டு’ பகுதிகளாலேயே அதைச் செய்துகொள்ளலாம். கேள்வியை எழுதி, ஒவ்வொரு விடையின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ‘கோ டு’ ஒன்றை வையுங்கள். சரியான விடையின் மேல் உள்ளது அடுத்த பாடத்துக்குப் போகும். மற்றவை ஒவ்வொன்றும் தனித்தனி விளக்கப் படவில்லைக்குப் போய், அங்கிருந்து கேள்விக்குத் திரும்பும். கிரவுடரின் வழி அப்படியே இது.

காணொளிப் பாடமானால் ‘இன்டராக்டிவ் வீடியோ’வில் முன்னால் ஓட்டிப் போவதைத் தடுக்கும் தெரிவு உண்டு. ஒரு கேள்விக்கு முழுப்புள்ளி பெற்றால்தான் தொடரலாம் என்றும் வைக்கலாம். கிளைவழிப் பயிற்சிக்கு ‘பிராஞ்சிங் சினாரியோ’ இருக்கிறது. பெட்டிகளும் அம்புகளுமாக உங்கள் தாளில் உள்ள படம் போலவே திரையில் தெரியும் என்பதால் புதியவர்களுக்கு அதுவே இலகு.

சூழ்நிலைப் பயிற்சி எழுதும்போது

மாலை மங்கும் நேரம், வயலிலிருந்து திரும்பும் ஒருவரைக் காலில் பாம்பு கடிக்கிறது. உடன் இருப்பவர் நீங்கள். என்ன செய்வீர்கள்? நான்கு தெரிவுகள்: துவாயால் இறுக்கிக் கட்டுவது, பாம்பைத் தேடுவது, விசகடி வைத்தியரிடம் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவது, காலை அசைக்காமல் வைத்து 1990க்கு அழைப்பது.

தவறான தெரிவுகளையும் ஊரில் உண்மையாகவே செய்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் அவை நல்ல தெரிவுகள். யாரும் செய்யாத அசட்டுத்தனத்தைத் தவறான விடையாக வைத்தால் பயிற்சியே வீண். விசகடி வைத்தியரைத் தெரிவு செய்தவரை ஏளனம் செய்ய வேண்டாம். அவருடைய பாட்டனார் காலத்தில் வேறு வழி இருந்ததில்லை. ‘விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். திரும்பிப் போய் வேறொன்றைத் தெரியுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னொரு விடயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தவறான வழியில் போனவருக்கு ‘நோயாளி இறந்துவிட்டார்’ என்ற படவில்லையைக் காட்டாதீர்கள். போரிலும் அதன் பின்னரும் உறவுகளை இழக்காத வீடுகள் வன்னியில் அரிது. ‘உன்னால்தான் செத்தார்’ என்று திரையில் பார்ப்பதில் யாரும் பாடம் கற்கப்போவதில்லை, கைப்பேசியை வைத்துவிடுவார்கள். நேரம் போகிறது, வீக்கம் கூடுகிறது என்று காட்டி, முந்திய சந்திக்குத் திருப்பி அழைத்து வாருங்கள்.

ஒரே கேள்வியில் இரண்டு தடவை தவறியவரை மூன்றாம் தடவையும் அதே கேள்வியில் நிறுத்தக்கூடாது. இரண்டாவது தவறுக்குப் பின் சரியான விடையைக் காரணத்தோடு காட்டி, ‘விளங்கிவிட்டது, தொடர்கிறேன்’ என்ற பொத்தானைக் கொடுங்கள். மூன்றாம் முறையும் தட்டிப் பார்ப்பவர் யோசித்துத் தட்டுவதில்லை, மிஞ்சியிருப்பதைத் தட்டுகிறார்.

தெரிந்தவருக்கும் ஒரு வழி வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் உங்கள் பாடத்தைத் திறந்தால், மோதிரத்தைக் கழற்றச் சொல்லி நான்கு படவில்லைகளில் அவருக்குப் போதிக்கத் தேவையில்லை. மெனுவில் ‘இது எனக்குத் தெரியும்’ என்று ஒரு பொத்தான். அதன் பின் செய்யக்கூடாதவை பற்றி மூன்று கேள்விகள். மூன்றும் சரியென்றால் நேரே சூழ்நிலைப் பயிற்சி. ஒன்று பிழைத்தாலும் இரண்டாம் பகுதிக்கே அனுப்புங்கள்.

மூடில் இருந்தால்

நிறுவனத்துக்கு மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளம் இருந்தால் வேலை பாதி குறையும். அதிலுள்ள ‘லெசன்’ செயற்பாட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும், ஒவ்வொரு விடைக்கும் ‘ஜம்ப்’ வைக்கலாம். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால், சரியான விடை அடுத்த பக்கத்துக்கும் பிழையான விடை அதே பக்கத்துக்கும் போகும். பிழைக்கு உரிய விளக்கப் பக்கத்தைத் தெரிவது உங்கள் பொறுப்பு. கைப்பேசிச் செயலியில் இணையமின்றிச் செய்ய அனுமதிக்கும் தெரிவும் லெசன் அமைப்புகளில் இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள்.

ஒரு செயற்பாட்டை முடித்த பிறகே அடுத்ததைத் திறக்க ‘ரெஸ்ட்ரிக்ட் ஆக்ஸஸ்’. அதில் கண் வடிவக் குறி ஒன்று இருக்கும். கண் திறந்திருந்தால், பூட்டிய பாடமும் அது எப்போது திறக்கும் என்ற குறிப்பும் மாணவருக்குத் தெரியும். மூடியிருந்தால் பாடம் இருப்பதே தெரியாது. திறந்தே வையுங்கள்.

ஸ்டோரிலைன் போன்ற கட்டண மென்பொருள் கிடைப்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. அதன் பிளேயர் அமைப்பில் மெனுவைச் சுதந்திரமாக, பார்த்தவற்றுக்கு மட்டும், முற்றாகப் பூட்டியபடி என்று மூன்று விதமாக வைக்கலாம். பெரும்பாலான பாடங்களுக்கு நடுவில் உள்ளதே சரி. ‘அடுத்தது’ பொத்தானைத் தொடக்கத்தில் செயலற்ற நிலையில் வைத்து, எல்லாப் படங்களும் ‘விசிட்டட்’ நிலைக்கு வந்ததும் இயல்பு நிலைக்கு மாற்றும் டிரிகர் எழுதுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும் தெரிவையும் இயக்குங்கள்; ஒரு கைப்பேசியை மூன்று பேர் பகிரும் வீட்டில், பாடம் நடுவில் நிற்பது அன்றாட நிகழ்வு.

பூட்டு பேச வேண்டும்

எந்தக் கருவியானாலும், மங்கலான பொத்தானை மட்டும் காட்டி விடாதீர்கள். பக்கத்திலேயே ஒரு வரி: ‘நான்கு படங்களையும் தொட்டதும் திறக்கும்.’ அது இல்லாவிட்டால் பாடம் பழுது என்று நினைத்து மூடிவிடுவார்கள். மங்கலும் பளிச்சும் மட்டுமே வித்தியாசமாக இருக்கக்கூடாது; வெயிலில் நின்று பார்ப்பவருக்கும் நிறம் பிரித்தறியச் சிரமப்படுபவருக்கும் அது தெரியாது. பூட்டுப் படமோ எழுத்தோ சேர்த்து வையுங்கள். பொத்தானின் அளவு பற்றி, 2023இல் வெளிவந்த வலை அணுகல்தன்மை நெறிமுறையின் 2.2 பதிப்பு குறைந்தது 24 பிக்சல் என்கிறது. உயர்ந்த தரத்துக்கு 44 பிக்சல். மண்வெட்டி பிடித்த கட்டைவிரலுக்கு 44ஐயே வையுங்கள்.

நேரத்தால் பூட்டுவதை நான் ஏற்பதில்லை. முப்பது விநாடி பொத்தானை மறைத்து வைப்பதால் ஒருவர் வாசிப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வேகமாக வாசிப்பவர் எரிச்சலடைவார், மெதுவாக வாசிப்பவருக்கு அது போதாது. குரல் முடியும்வரை நிறுத்தி வைப்பதும் அதே வகை. மாறாக, நீண்ட விளக்கத்தைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ‘தொடர்க’ பொத்தானைக் கற்பவரின் கையில் கொடுங்கள். ரிச்சர்ட் மேயரும் போல் சாண்ட்லரும் மின்னல் உருவாவதை விளக்கும் அனிமேஷனை வைத்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், துண்டு துண்டாகத் தம் வேகத்தில் தொடர்ந்தவர்கள், இடைவிடாமல் ஓடவிட்டதைப் பார்த்தவர்களைவிடப் புதிய சிக்கல்களுக்கு விடை காண்பதில் மேம்பட்டிருந்தார்கள்.

பின்னால் போகும் வழியை ஒருபோதும் பூட்டாதீர்கள். மறந்ததைத் திரும்பப் பார்க்கப் போகிறவரைத் தடுக்க எந்தக் காரணமும் இல்லை.

அனுப்பும் முன்

பாடத்தை நீங்களே சோதித்தால் பிழை தெரியாது; வழி உங்களுக்குத் தெரியும். கணினிப் பழக்கம் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். அயல்வீட்டு அம்மா, வயலில் வேலை செய்யும் மாமா, யாராகவும் இருக்கலாம். கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் அருகில் இருங்கள். விரல் எங்கே தயங்குகிறது, எதைப் பொத்தான் என்று நினைத்துத் தொடுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ‘இனி என்ன செய்யிறது?’ என்று கேட்கும் இடத்தில் ஒரு வரி குறைகிறது.

பிறகு ஒரு பதின்ம வயதுப் பிள்ளையிடம் கொடுத்து, ‘இதைக் குறுக்கு வழியில் முடித்துக் காட்டு’ என்று சொல்லுங்கள். அம்பு விசை, எண் விசை, விரலால் தள்ளுதல், பின்செல்லும் பொத்தான் எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை முயன்று பார்க்கும். ஓட்டை அகப்படும் இடம் முக்கியமான படவில்லையானால் அடையுங்கள். இல்லையென்றால் அப்படியே விடலாம்.

கடைசியாக, விலை குறைந்த அன்ட்ராய்ட் கைப்பேசி ஒன்றில், விமானப் பயன்முறையில் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை. நடுவில் பாடத்தை மூடித் திறந்து பாருங்கள். ஒவ்வொரு படவில்லையிலும் அவசரப் பொத்தானைத் தொட்டுத் திரும்பி வாருங்கள். அது வேலை செய்யாத ஒரு படவில்லையாவது இருந்தால் பாடத்தை இன்னும் அனுப்ப வேண்டாம்.

முதல் முயற்சிக்கு முழுப் பாடம் தேவையில்லை. மெனு ஒன்று, பாம்பு வகை ஒன்று, நான்கு படங்கள் கொண்ட பூட்டிய படவில்லை ஒன்று, கேள்வி ஒன்று, அதற்கான விளக்கம் ஒன்று, அவசரப் பக்கம் ஒன்று என ஆறு படவில்லைகள் போதும். அவை சரியாக ஓடிய பிறகு மற்றவற்றைச் சேருங்கள். தாளில் வரைந்த படத்தையும் கோப்போடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த பெரும்போகத்துக்கு முன் பாடத்தைத் திருத்த வருபவர் வேறொருவராக இருக்கக்கூடும். அவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.